தலைவரை அழைத்துவரப் போன கார்

திருவாரூரில் அரிசி ஆலை, நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி, ஓடுகிற லாரி நான்கு, ஓடாதது ஒன்று, எங்கள் ஊரில் ஏ.சி. போட்ட கல்யாண மண்டபம். இத்தனையும் ஐந்தாம் வகுப்பை முழுசாக முடிக்காத ஒருவன் கட்டியது. பேங்க் மேனேஜர்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். (இப்போது இருப்பவர் நிற்பதில்லை. புதியவர், பழகிக்கொள்வார்.) இவ்வளவு கட்டியவனுக்கு ஒரு மனிதரைக் காரில் ஏற்றி, பக்கத்து ஊரில் கொண்டுபோய் இறக்கத் தெரியவில்லை என்றால் நம்புவீர்களா?

முப்பது, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் என் தங்கை தாமரைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை செல்வம், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த வாத்தியார். நாகப்பட்டினத்து விசைப்படகுக் குடும்பம். நாங்கள் வயல்காரர்கள், அவர்கள் கடல்காரர்கள். இரண்டு பேரும் விரும்பிவிட்டார்கள். பெரியப்பா குதித்த குதியில் வீட்டு ஓடு நான்கைந்து நழுவியது.

அப்பா கட்சிக்காரர். ஆளுங்கட்சி மாவட்டத் தலைவர் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் என்று அறிவித்தார். பெரியப்பாவுக்கோ கூட்டுறவுச் சங்கப் பதவி மேல் ஒரு கண். தலைவர் மனது வைத்தால்தான் அது கிடைக்கும். அதனால் சற்று இறங்கி வந்தார்.

"தலைவர் வந்து தாலி எடுத்துக் குடுத்தா நான் வாயத் தொறக்கல. அவரு வரலன்னா பொண்ணக் கையோட கூட்டிக்கிட்டு வந்துருவேன், ஆமா!"

மாப்பிள்ளையின் அம்மா நாகம்மா, மீன் ஏலத்தில் கத்திக் கத்திக் குரல் வளர்த்தவர். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "ஐயரு வேணாம், மந்திரம் வேணாம், சரி. வெள்ளிக்கிழம பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தாலி ஏறணும்." பகுத்தறிவுவாதியான அப்பாவும் அதற்குச் சத்தமில்லாமல் தலையாட்டினார்.

"தலைவர் அண்ணனைக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு" என்றேன் நான். "எங்க பார்த்தாலும் என் தோள்ல கை போட்டுத்தான் பேசுவாரு." (ஒரு பொதுக்கூட்டத்தில் மேடை ஏறும்போது கால் தடுக்கி என் தோளைப் பிடித்தார். அவ்வளவுதான்.)

நான் அன்று ஒரு மிராசுதாரின் நெல் லாரியில் டிரைவர். அவரிடமே அவருடைய வெள்ளை அம்பாசடரைக் கேட்டேன். தலைவர் ஏறப்போகிறார் என்றதும் துடைத்துக் கொடுத்தார். தை மாதம், அறுவடைக் காலம், கூலித் தகராறு உச்சத்தில் இருந்தது. வயலில் கதிர் சாய்ந்து கிடந்தது. அறுக்க ஆள் இறங்கவில்லை. அந்த நேரத்தில் மிராசுதார் காரை எடுத்துக்கொண்டு அந்த ரோட்டில் போகலாமா என்று யோசிக்க எனக்கு மூளை இருந்தது. அன்றைக்குப் பார்த்து அது என் கழுத்தில் போட்டிருந்த புது மைனர் செயினைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது.

காலையிலேயே தலைவரை அவர் வீட்டில் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினத்துக் கல்யாணப் பந்தலுக்குக் கிளம்பினேன். திருவாரூர் தாண்டியதும் மறியல். ரோடு முழுக்க ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். காரைப் பார்த்ததும் ஒரு குரல் கிளம்பியது: "டேய், மிராசுதாரு காருடா!" ஒரே நிமிடத்தில் கண்ணாடியெல்லாம் முகங்கள்.

தலைவர் சீட்டில் வழுக்கிக் கீழே இறங்கினார். "தம்பி, நான் இருக்கேன்னு சொல்லிடாத" என்று கிசுகிசுத்தார்.

நான் கதவைத் திறந்து பானெட்டில் ஏறி நின்றேன். "எல்லாரும் வழி விடுங்க! உள்ள இருக்கறது நம்ம தலைவர்!"

"அப்படியா? எறங்கி வரச் சொல்லு. கூலிக்குப் பதில் சொல்லிட்டுப் போகட்டும்!"

தலைவர் இறங்கினார். ஆனால் மறுபக்கக் கதவு வழியாக. பின்னால் நின்றிருந்த போலீஸ் ஜீப்பில் ஏறினார். ஜீப் திரும்பி வந்த வழியே பறந்தது. போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் குடும்பத்துக்கு ஏழு தலைமுறைக்கும் பதவி கிடையாது என்பது தெரிந்தது.

நான் பானெட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தூசி விழுந்து தண்ணீராகக் கொட்டியது. (தூசிதான்.)

"ஏன்டா தம்பி, ஆம்பளப்புள்ள இப்படி ஒப்பாரி வைக்கிற?" மறியலை நடத்திய பவுனம்மா கேட்டார். விவசாயக் கூலிகளின் சங்கத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். வாய்க்காலில் இறங்கி வந்ததில் முழங்கால் வரை சேறு, இடுப்பில் கதிர் அரிவாள்.

நான் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட, தாலி எடுத்துக் குடுக்கத்தானே ஆளு வேணும்? எனக்குக் கையில்லயா?" திரும்பிப் பார்த்து, "ஏய், நீங்க உக்காந்திருங்க, நான் ஒரு கல்யாணத்த முடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். "வண்டிய எடு. அழுதுகிட்டே ஓட்டாத, வாய்க்கால்ல விட்டுருவ."

நாகப்பட்டினத்தில் பந்தல் வாசலுக்குக் கார் வந்ததும் மைக் அலறியது: "இதோ, அண்ணன் வந்துவிட்டார்!" பேண்டு முழங்கியது. சரவெடி வெடித்தது. பெரியப்பா ஆளுயர மாலையோடு ஓடிவந்து, பக்தியோடு குனிந்து கதவைத் திறந்தார்.

சேற்றுக்கால் ஒன்று வெளியே வந்தது.

பேண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பெரிய மேளக்காரர் மட்டும் கவனிக்காமல் இன்னும் இரண்டு அடி அடித்தார்.

"யாருடா இது?" என்றார் பெரியப்பா. "தலைவரு எங்க? தாமர, எழுந்திரு! கெளம்பு!"

தாமரை மேடையில் எழுந்து நின்றாள். செல்வத்தின் முகம் வெளிறியது. அப்பா என்னைப் பார்த்தார். நான் மைக்செட்காரனிடம் பாய்ந்து, மைக்கைப் பிடுங்கினேன்.

"உழைக்கும் மக்களின் கையால் இந்தத் திருமணம் நடக்க வேண்டும் என்று சொல்லி, தன் சார்பாக அண்ணனே அனுப்பி வைத்திருக்கும் பவுனம்மா அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்!"

 கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். அண்ணன் அனுப்பியது என்றால் தட்டித்தானே ஆக வேண்டும்? பெரியப்பா அந்த மாலையைப் பார்த்தார், பவுனம்மாவைப் பார்த்தார், சங்கப் பதவியை நினைத்தார். போட்டுவிட்டார்.

"மணி பத்தே காலு! அப்புறம் பேசுங்க!" என்று நாகம்மா போட்ட சத்தத்தில் பவுனம்மா மேடை ஏறித் தாலியை எடுத்துக் கொடுத்தார். செல்வம் கட்டினான். அம்மா மூக்கைச் சிந்தினாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. வந்த மூச்சு நாலு பேருக்குக் கேட்டிருக்கும்.

"வாழ்த்திப் பேசுங்கம்மா" என்று மைக்கை நீட்டினார்கள். "நல்லா இருங்க" என்றார் பவுனம்மா. "சோறு ஆயிடுச்சா? அங்க எங்க ஆளுங்க வெயில்ல உக்காந்திருக்காங்க." காரின் டிக்கி நிறைய அண்டாவில் சாம்பார் சாதத்தை ஏற்றிக்கொண்டு மறியலுக்கே திரும்பினோம். மிராசுதார் கார் பல நாள் சாம்பார் மணத்தது. என் வேலை போனது. போனதால்தான் சொந்த லாரி வாங்கினேன், அது வேறு கதை.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். அடுத்த மாதமே தலைவர் மேடைக்கு மேடை, "உழைக்கும் பெண்ணை அனுப்பித் தாலி எடுத்துக் கொடுக்க வைத்தவன் நான்" என்று பேசினார். தாமரை தன் மூத்த பெண்ணுக்குப் பவுனு என்று பேர் வைத்தாள். பெரியப்பாகூட, தான்தான் முதலில் மாலை போட்டு வரவேற்றதாகச் சாகும்வரை சொன்னார். எனக்குக் கிடைத்தது? வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால், "மாமாவ ஸ்டேஷனுக்கு அனுப்பாதீங்க, வேற யாரையாவது கூட்டிட்டு வந்துடுவாரு" என்கிறாள் அந்தப் பவுனு.

வருகிற மாதம் செல்வத்துக்கு அறுபதாம் கல்யாணம். என் மண்டபத்தில்தான், வாடகை இல்லாமல். பத்திரிகையில் பவுனம்மா பெயர் இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு மேலே, கொட்டை எழுத்தில், அன்றைக்கு இவர்கள் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் என்று என் பெயர் வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கு மண்டபத்தில் ஏ.சி. ஓடாது.