கழுத்தில் கார்டு இல்லாதவர்

"கார்டு?" என்றார் வாட்ச்மேன்.

தணிக்கை அதிகாரி கழுத்தைத் தடவினார். டை இருந்தது. கார்டு இல்லை. சட்டைப்பை, பேன்ட் பை, தோள்பை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சீப்பு கிடைத்தது.

பள்ளிக்கூடங்களில் குழந்தைகளின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது, யார் உள்ளே வருகிறார்கள், யார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று சோதித்து மதிப்பெண் போடுவது அவருடைய வேலை. பதினொரு வருட சர்வீஸ். ஆனால் கார்டை மறந்து வருவது இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது தடவை. "இன்னொரு வாட்டி நடந்தா நீங்க பழைய ஃபைல் ரூமுக்குப் போயிடலாம்" என்று இயக்குநர் போன வாரம்தான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அந்த அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது.

"வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று நைசாகத் திரும்பினார்.

"எங்க கிளம்பிட்டீங்க? கேட்டுக்குள்ள கால வச்சாச்சு. யாருன்னு தெரியாத ஆளு உள்ள வந்தா, தெரியற வரைக்கும் ஆபீஸ் ரூம்ல உக்கார வைக்கணும். பதினாலாவது விதி."

"யோவ், அந்த விதியை எழுதினதே நான்தான்யா!"

"அப்ப நல்லதாப் போச்சு, நான் விளக்க வேண்டியதில்ல" என்று வாட்ச்மேன் அவருடைய முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்.

ஆபீஸ் அறையில் காலியாக இருந்தது ஒன்றாம் வகுப்பு நாற்காலி ஒன்றுதான். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடித்தது. அந்தக் கோலத்தில் மனைவிக்குப் போன் போட்டார்.

"காலைல நாலு வாட்டி கேட்டேனா இல்லையா, கார்டு எடுத்தாச்சான்னு?"

"கேட்டே, கேட்டே. ஃப்ரிட்ஜ் மேல இருக்கும். கொஞ்சம் எடுத்துட்டு வா."

"நான் வேலைக்குப் போக வேணாமா? உங்களக் கட்டிக்கிட்டு..." மீதியை அவர் காதில் வாங்கவில்லை.

தலைமையாசிரியை ஒரு படிவத்தை எடுத்தார். "அவங்க வந்து கையெழுத்துப் போட்டதும் உங்களை ஒப்படைச்சுடறோம். எங்ககிட்ட இந்த ஒரு ஃபாரம்தான் இருக்கு." பெயர், வகுப்பு, அழைத்துச் செல்பவர், உறவுமுறை. 'வகுப்பு' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, 'மனைவி' என்று உறவுமுறையை எழுதினார். பிறகு போனைக் கையில் எடுத்தார். "அப்படியே உங்க ஆபீஸுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். "வேணாம் மேடம்! நான் ஒரு நம்பர் தரேன், என்கூட வேலை செய்யறவர்..."

"வந்த ஆளு குடுக்கற நம்பருக்குக் கூப்பிடக்கூடாதுன்னு சுற்றறிக்கைல இருக்கே சார்."

இருந்தது. அதையும் இவர்தான் எழுதினார். சுற்றறிக்கையில் இருந்த நம்பர் இயக்குநருடையது.

"மறுபடியுமா?" போனைத் தாண்டி இயக்குநரின் குரல் கேட்டது. "அந்த மனுஷன்கிட்ட குடுங்க."

மாட்டிக்கொண்டால் வாய் தானாக வேலை செய்கிறது. "வேணும்னேதான் சார் விட்டுட்டு வந்தேன். சோதனை! கார்டு இல்லாம போனா விடறாங்களான்னு பாக்க. இவங்க விடல சார். அசைய விடல!"

இயக்குநர் விடவில்லை. "அப்ப முன்னாடி ரெண்டு தடவை?"

"அதுவும் சோதனைதான் சார்."

"அடடே! அமைச்சகத்துல முன்மாதிரிப் பள்ளி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அறிக்கையை எழுதி வைங்க. நானே வந்து கையெழுத்துப் போடறேன்."

அறிக்கையில் எண்பது கேள்வி. வளாகம் முழுக்கச் சுற்றிப் பார்த்து எழுத வேண்டியது. இவர் பார்த்ததோ ஒரு கேட்டும் ஒரு குட்டி நாற்காலியும். எழுந்து நடக்கலாம் என்றால், "கார்டு வரட்டும் சார்" என்றார் தலைமையாசிரியை. பாத்ரூம் போக வேண்டும் என்றதற்கு, வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்து கதவுக்கு வெளியே நின்றார். "உள்ள இருக்கீங்கன்னு தெரியணும். பேசிக்கிட்டே இருங்க சார்" என்றார். இவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்.

திரும்பி வந்து உட்கார்ந்த இடத்திலேயே எண்பதுக்கும் முழு மதிப்பெண் போட்டார். வேறு வழி?

இயக்குநர் வந்தார். அவரையும் வாட்ச்மேன் இருபது நிமிஷம் வெயிலில் நிறுத்திவிட்டார். கார்டில் மீசை இருந்ததாம், முகத்தில் இல்லையாம். வியர்த்து வழிய உள்ளே வந்த இயக்குநருக்கு ஒரே பூரிப்பு.

"என்னையே நிறுத்திட்டான்யா! இதுதான் பள்ளிக்கூடம்!" இவருடைய முதுகில் தட்டினார். "ஃபைல் ரூமா உங்களுக்கு? துணை இயக்குநர் பதவிக்கு உங்க பேரைத்தான் எழுதப் போறேன்."

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமையாசிரியைக்கும்தான்.

இயக்குநர் பேனாவைத் திறந்து முதல் கேள்வியை உரக்கப் படித்தார். "வெளியாள் ஒருவர் யார் கண்ணிலும் படாமல் வளாகத்துக்குள் நுழைய முடியுமா? பதில், முடியவே முடியாது. பிரமாதம்!" கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

கதவு திறந்தது. ஒரு கையில் கார்டும் மறு கையில் சீருடை போட்ட ஒரு சின்னப் பெண்ணுமாக அதிகாரியின் மனைவி நின்றாள்.

"வாங்கம்மா, வாங்க" என்று இயக்குநர் எழுந்தார். "உங்களையும் கேட்டுல ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லங்க" என்றாள் அவள். "ரோட்டோரம் விளையாடிக்கிட்டிருந்த இந்தப் பாப்பாதான், 'அந்த கேட்டுல கேள்வியா கேப்பாங்க ஆன்ட்டி, நாங்கல்லாம் பின்னாடி வழியாத்தான் போவோம் வருவோம்'னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா."