என் பித்தப்பையை இன்னொரு தரம் பார்க்கவும்

மதிப்பிற்குரிய பரிசோதனைக்கூட டாக்டரம்மா அவர்களுக்கு,

தங்கள் நலத்தையும் தங்கள் மைக்ராஸ்கோப்பின் நலத்தையும் வேண்டி, மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன் வணக்கத்துடன் எழுதுவது. நாம் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் சர்ஜன் வெட்டி அனுப்பிய என் பித்தப்பையைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஆகவே அறிமுகம் தேவையில்லை.

தங்கள் ரிப்போர்ட்டைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். கற்கள் வருடக்கணக்கில் உரசி உரசிப் பையின் சுவர் தடித்துவிட்டது, உள்பக்கம் மஞ்சள் புள்ளிகள், சில இடங்களில் செல்கள் தம் குணத்தை விட்டுவிட்டு வயிற்றுச் செல்களைப் போல மாறியிருக்கின்றன, புற்றுநோய் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். செல்கள் மாறியதில் எனக்கு ஆச்சரியமில்லை. மனைவி இறந்த பிறகு நானும் அவளைப் போலவே, ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் முணுமுணுக்கிறேன், போட்டவன் நானேதான். மீட்டர் பார்க்கப் போன வீடுகளில்கூட யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை, மீட்டரைக் கைகாட்டிவிட்டு டிவிக்குத் திரும்பிவிடுவார்கள். என்னை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து ஒரு பக்கம் எழுதியவர் தாங்கள் ஒருவர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வெளியூரில் இருக்கும் என் மகன் முன்பெல்லாம் எப்போதாவதுதான் பேசுவான். சாப்பிட்டீங்களாப்பா, சாப்பிட்டேன், அதோடு சரி. பித்தப்பை தங்களிடம் வந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறான். ரிப்போர்ட் வந்துச்சா என்பான், வரலை என்பேன், அப்புறம் பேச்சு வளர்ந்து அவன் ஆபீஸ் லிஃப்ட் கெட்டுப்போனதுவரை போகும். ரிப்போர்ட் வந்த அன்னிக்கும் வரலைன்னுதான் சொன்னேன். மறுநாள் லேப்ல மிஷின் ரிப்பேர்னேன். அப்புறம் தங்களுக்குக் காய்ச்சல்னேன், மன்னிக்கணும். போன வாரம் தங்கள் மகளுக்குக் கல்யாணமே பண்ணி வெச்சுட்டேன். இனிமே சொல்ல என்ன இருக்கு? நல்ல ரிப்போர்ட்டுன்னு சொன்னா அப்பாடான்னு போனை வெச்சிடுவான், அப்புறம் நானும் சுவரும்தான். தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு டாக்டரம்மா. அதனால புட்டியில மிச்சமிருக்கிற துண்டை இன்னொரு தரம் பார்த்து, கெடுதலா எதுவும் வேண்டாம், "மறுபரிசோதனை தேவை" என்று ஒரே ஒரு வரி எழுதித் தந்தால் புண்ணியமாகப் போகும்.

காய்ச்சல் தணிந்த தங்களுக்கும், நான் கட்டிக்கொடுத்த தங்கள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் பார்வையில் பட்டவன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மகன் கூப்பிட்டான். டாக்டரம்மா பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போயாச்சா என்று கேட்டுச் சிரித்தான். ரிப்போர்ட் வந்த அன்றே அவன் செல்போனுக்கும் வந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் அவன் நம்பரைக் கொடுத்தது நானேதான். தெரிஞ்சுமா தினமும் கேட்டே என்றேன். "வேற என்ன கேட்டாலும் நல்லாருக்கேன்னு சொல்லிட்டு நீங்கதானேப்பா போனை வெச்சிடுறீங்க" என்றான்.

ஆகவே அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நாளைக்கும் அதையே கேட்கச் சொல்லியிருக்கிறேன். வரலை என்றுதான் சொல்வேன். தங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம் வேறு வருகிறது.