விசிறிகள் இருவகை

மக்களாட்சி இன்னும் உலகில் உயிரோடு இருக்கிறதென்றால், அது வடகடல் ஓரத்துக் குட்டி விமானச் சங்கத்தின் 'விசிறித் தேர்வுக் குழு'வில்தான். ரேடியோவில் இயக்கும் விமானத்தின் மூக்கில் எந்த விசிறியை மாட்டுவது என்று அங்கே எவனும் சர்வாதிகாரமாக முடிவெடுத்துவிட முடியாது. விமானத்தின் சொந்தக்காரனால் நிச்சயமாக முடியாது.

ஓக்கோ பேருந்து ஓட்டுநர். குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் ஒரு மஞ்சள் விமானத்தை இழைத்து இழைத்துக் கட்டியிருந்தார். அவர் மனைவி ஆல்முட் அதுவரை அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டாள்.

"தலைவரே, மோட்டாரோடயே ஒரு விசிறி வந்துச்சு. அதையே மாட்டிக்கிறேனே?"

தலைவர் ஃபோல்கெர்ட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "மோட்டார் செஞ்சவனுக்கு என்னய்யா தெரியும்? அவன் நம்ம சங்கத்துல உறுப்பினரா?"

குழுவில் இரு கட்சிகள். தலைவர் நீண்ட விசிறியின் விசிறி. செயலாளர் ஹிந்தெர்க், குட்டையாக, நன்றாக முறுக்கிய விசிறியின் விசிறி.

"நீளம் இருந்தாத்தான் மேல தூக்கும்!"

"தூக்கி அங்கயே தொங்கும்! முறுக்கு இருந்தாத்தான் பாயும்."

"உனக்கு இருக்கிற முறுக்கே போதும், உக்காரு."

ஓக்கோ கையைத் தூக்கினார்.

"நீ பேசக் கூடாது. உனக்கு இதுல சுயநலம் இருக்கு," என்றார் தலைவர்.

"எனக்கென்ன சுயநலம்?"

"அது பறக்கணும்னு நினைக்கிற இல்ல?"

ஓக்கோ தூக்கிய கையை இறக்கினார்.

கடைசியில் வரலாற்றுச் சமரசம் பிறந்தது. மோட்டாரில் இருந்தது மடக்கு விசிறி. அதன் இரண்டு தகடுகளும் தனித்தனியே திருகப்படுபவை. ஆகவே ஒரு பக்கம் நீளத் தகடு, மறுபக்கம் முறுக்குத் தகடு. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"ஒரு கால்ல பூட்சு, ஒரு கால்ல செருப்புன்னு ஆயிடாதா?" என்றார் ஓக்கோ.

"ஏன், நடக்க முடியாதா?"

ஞாயிற்றுக்கிழமை, கடல் தடுப்பு மேட்டுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் ஊரே கூடியது. ஆல்முட் காதோடு சொன்னாள்: "மோட்டாரோட வந்த தகடு ரெண்டும் என் பையிலதான் இருக்கு. யாரும் பாக்கல, மாத்திடு."

"தீர்மானம் போட்டாச்சே, ஆல்முட்."

"தீர்மானமா பறக்கப் போகுது?"

விமானம் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கிக்கொண்டே ஓடி, எழும்பியது. அதன் மஞ்சள் வயிற்றில் வெயில் பட்டபோது ஓக்கோவுக்குக் குழு, தீர்மானம் எல்லாம் மறந்தே போயிற்று. அடுத்த கணம் மோட்டார் மூக்கைப் பிய்த்துக்கொண்டு தனியாக, மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த செம்மறி ஆடுகள் பக்கம் போனது. சமரசத் தகடுகள் இரண்டும் பிரியாமல் கூடவே போயின. மிச்ச விமானம், கூட்டத்துக்காகப் போட்டிருந்த வெண்ணெய்க் கேக் மேசையில் இறங்கியது.

விசாரணை அங்கேயே நடந்தது. முதல் தடவையாக இரு கட்சியும் ஒரே குரலில் தீர்ப்பளித்தன: விசிறியில் குற்றமில்லை, விமானம் 'குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை'.

ஓக்கோ ஒடிந்த இறக்கையை மடியில் வைத்து, அதிலிருந்த கேக்கை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். ஆல்முட் தலைவருக்கு எதிரே போய் நின்றாள்.

"இதுக்கு முன்னாடி உங்க குழு எத்தன விமானத்தக் கீழ போட்டிருக்கு?"

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒண்ணுகூடக் கிடையாது! இத்தன வருஷத்துல இதுதான் முதல் விபத்து."

"அதெப்படி?"

"எதையும் நாங்க பறக்க விட்டதில்லையே!"