செத்த ராஜாவுக்கு அரூரில் கல்யாணம்

1984ஆம் வருடம் தை மாதத்தில் அரூர் பேருந்து நிலையத்தில் இறங்கியவர்களில் பாதிப்பேர் ராஜ வம்சம். நம்பாதவர்கள் எதிரே இருந்த லாட்ஜ் மாடிக்குப் போய்க் கேட்டிருக்கலாம். அங்கேதான் வம்சாவளிச் சித்தர் தங்கியிருந்தார். அப்பன் பேர், சொந்த ஊர், குலசாமி இந்த மூன்றையும் சொன்னால் போதும். ஓலைக்கட்டைப் புரட்டி, எழுநூறு வருடத்துக்கு முன் இந்தச் சீமையை ஆண்ட வீரகண்ட மகாராஜாவுக்கு நீங்கள் எந்த வழி வாரிசு என்று சொல்லிவிடுவார். வீரகண்டன் பேர் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கிடையாது. புத்தகம் எழுதினவர்களுக்குச் சித்தரைத் தெரியாது, பாவம்.

மகாராஜாவுக்குப் பட்டத்து ராணி ஒருத்தி, ஆசைநாயகிகள் மூன்று பேர். ஆட்டுக்கிடாயோடு வந்தவன் ராணி வழி. வெறும் சேவலோடு வந்தவன் ஆசைநாயகி வழி. ஓலையில் அப்படித்தான் இருக்கிறதாம், நாம் என்ன செய்ய? ஆனால் கவலை வேண்டாம், பரிகாரம் உண்டு. மஞ்சளில் ராஜாவையும் ஆசைநாயகியையும் பிடித்து வைத்துச் சித்தர் தாலி கட்டிவிடுவார். எழுநூறு வருடப் பரம்பரையும் அந்த நிமிடமே முறையாகப் பிறந்ததாகிவிடும். தாலிக்குத் தங்கம் மட்டும் நம்முடையது.

ஆட்டுக்காரக் குப்புராஜ் கிடாயோடு படியேறினார், தலைப்பாகையோடு இறங்கினார். அவருடைய தங்கை குள்ளம்மாளின் புருஷன் சென்றாயன் கல் உடைக்கிறவர். அவர் சேவலோடு போய், மூன்றாவது ஆசைநாயகி வழி என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சென்றாயன் மகள் செல்லிக்கும் குப்புராஜ் மகனுக்கும் பங்குனியில் கல்யாணம் என்று பாக்கு வெற்றிலை மாற்றியிருந்தார்கள். குப்புராஜ் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ராணி வழிக்கும் வைப்பாட்டி வழிக்கும் ஒட்டாது குள்ளம்மா. பரிகாரம் பண்ணிட்டு வாங்க. இல்லாட்டி புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கங்க."

அந்த வீட்டில் இருந்த தங்கம் செல்லியின் காதில் கிடந்த கம்மல்தான். அவள் அழுதுகொண்டே அதைக் கழற்றினாள். குள்ளம்மாள் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"போட்டுக்கடி. நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

மறுநாள் கிழிந்த சேலையோடு, கையில் ஒரு கோழிக்குஞ்சோடு குள்ளம்மாள் மாடி ஏறினாள். ராணி வழிக்காரர்கள் தலைப்பாகையோடு சித்தருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் குப்புராஜும் ஒருவர்.

"அப்பன் பேரு?" என்றார் சித்தர்.

"கருப்பண்ணனுங்க." ஊரையும் குலசாமியையும் சொன்னாள். குப்புராஜ் வாயைத் திறந்தார். தங்கை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

சித்தர் கோழிக்குஞ்சைப் பார்த்தார். பிறகுதான் ஓலையைப் பார்த்தார். "உங்கப்பன் ரெண்டாவது ஆசைநாயகி வழிம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி."

"ஓலை பொய் சொல்லாது."

"சரிங்க. அதோ தலப்பா கட்டி உக்காந்திருக்காரே, அவரு எங்கூடப் பொறந்த அண்ணனுங்க. அப்பனும் ஒண்ணு, ஆத்தாளும் ஒண்ணு. அதே ஊரு, அதே சாமி. போன வாரம் அவருகிட்ட எங்கப்பன் ராணி வழின்னீங்க. இன்னிக்கு எங்கிட்ட வைப்பாட்டி வழிங்கறீங்க. செத்துப்போன மனுசன் ஒரு வாரத்துல வம்சம் மாறுவாருங்களா?"

சித்தர் கெட்டிக்காரர், உடனே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அப்படின்னா உங்க தாயாரோட நடத்தையில..."

அவர் முடிக்கவில்லை. குப்புராஜ் எழுந்துவிட்டார். எழுநூறு வருடத்துக்கு முந்தைய ராஜாவை நம்பலாம். பெற்று வளர்த்தவளைச் சந்தேகப்பட முடியுமா?

"எங்காத்தாளயா சொல்ற?" ஓலையைப் பிடுங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். ஓர் எழுத்து இல்லை. மொட்டை ஓலை.

பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்தர் பின்பக்கப் படி வழியாகச் சேலம் பஸ்ஸைப் பிடித்தார். கட்டியிருந்த கிடாய்களுக்கு ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடிச் சண்டை போட்டார்கள்.

அன்று சாயங்காலம் குப்புராஜ் தங்கை வீட்டுக்குள்ளேயே வந்தார். "மச்சான், மனசுல வச்சுக்காதீங்க. பங்குனியிலயே கல்யாணத்த முடிச்சிரலாம்" என்று சென்றாயன் கையைப் பிடித்துக்கொண்டார்.

செல்லி கம்மல் போட்ட காதோடு வந்து நின்றாள்.

"கட்டிக்கறேன் மாமா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மாடி ஏறுன அத்தன சனமும் அந்த ராஜா பெத்ததுன்னா, அவருக்குச் சோறு போட ஏர் ஓட்டுனவன் ஒருத்தனுக்குக்கூடவா புள்ள பொறக்கல?"

குப்புராஜ் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு நாள் பார்க்கப் போய்விட்டார். உங்களில் எத்தனை பேர் ராஜ வம்சமோ, எனக்குத் தெரியாது. அடுத்த சித்தர் வந்து இறங்குவதற்குள் நீங்களாவது யோசித்து வையுங்கள்.