கடலைப் பார்த்த பீரங்கிகள்

உயிரே போனாலும் என் வீட்டு மாடி அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு வியாழக்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவு செய்தேன். வாயில் நுரையோடு எடுத்த முடிவு என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். என் வீட்டில் நான் நிம்மதியாக யோசிப்பதற்கு இரண்டே இடங்கள்தான் உண்டு. ஒன்று குளியலறை, மற்றது அந்த மாடி அறை.

நான் பூட்டு வியாபாரி. எந்தப் பூட்டையும் கையில் வாங்கி ஒரு இழு இழுத்தால் அதன் யோக்கியதை எனக்குத் தெரிந்துவிடும். மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான். பெரும்பாலும் இரண்டுமே மட்டமாகத்தான் இருக்கும். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்து, மாடி அறையில் உட்கார்ந்து, பழைய பூட்டு ஒன்றைப் பிரித்து மேஜைமேல் பரப்பி, எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பேன். பூட்டு எதிர்த்துப் பேசாது. அதற்கு நேற்று என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்காது.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. என் மனைவியின் தம்பி வடிவத்தில் வந்தது. அவன் டிரம்பெட் வாசிக்கிறவன். எனக்குத் தெரிந்து, ஊதி ஊதியம் வாங்குகிற ஒரே ஆள். எங்கள் ஊர்ப் பெரிய ஹோட்டல் ஒன்றில் வாத்தியக் குழுவில் சேர்ந்துவிட்டானாம். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், சனிக்கிழமை பெட்டி படுக்கையோடு வருகிறான் என்று மனைவி சொன்னாள்.

"கொஞ்ச நாளைக்கு நம்ம மாடியில இருக்கட்டுங்க."

"கொஞ்ச நாள்னா?"

"வீடு கிடைக்கிற வரைக்கும்."

"தேடறானா?"

"வந்துதானே தேடணும்."

"அவன் ஊதறது?"

"விடியக்காலையில மட்டும் சாதகம் பண்ணுவான். நமக்கும் அலாரம் வைக்கிற வேலை மிச்சம்."

"ஹோட்டல்லயே ரூம் குடுப்பாங்களே?"

"மூணு பேரோட முடங்கிப் படுக்கணும். அதுவும் ஞாயித்துக்கிழமைக்குள்ள கேட்டாத்தான் உண்டு. அக்கா வீடு இருக்கிறப்போ அவன் எதுக்குப் போய் அதைக் கேக்கணும்?"

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் புத்திசாலி. சொல்லிவிட்டாள். என் மூளை உடனே வேலை செய்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீடு பூட்டிக் கிடந்தால்? பையன் வாசலில் நின்று பார்ப்பான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹோட்டலுக்குப் போவான். ரூம் கேட்பான். கிடைத்துவிடும். அக்காவும் தம்பியும் போனில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். போன் வழியாக என் கடைப் பூட்டைத் திறக்கிற வித்தையை இன்னும் ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. அப்படிக் கண்டுபிடித்தால் முதலில் எனக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டின்போது குண்டைப் போட்டேன்.

"நாளைக்குக் காலையில நாம கடலோரம் போறோம். பழைய கோட்டை, பீரங்கி மேடு, போர் நினைவிடம் எல்லாம் பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றோம். டிக்கெட் எடுத்தாச்சு."

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருகிற ஆசாமிகளை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"இருபது வருஷமா எங்கேயும் கூட்டிட்டுப் போகலைன்னு நீதானே சொல்லிக்கிட்டே இருந்தே."

"தம்பி நாளைக்கு வர்றானே."

"அடடா. அது மறந்தே போச்சு பாரு."

அவள் நிதானமாகக் கையைக் கழுவினாள். ஒரு சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். அழுகைக்கும் தயாராக இருந்தேன். அவள், "சரி, போலாம்" என்றாள். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் என் பேச்சுக்கு அவள் இப்படிக் கட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை, எனக்குக் கொஞ்சம் புல்லரிக்கக்கூடச் செய்தது.

"கிளம்பறதுக்கு முன்னாடி கடையிலேர்ந்து ஒரு பூட்டு கொண்டு வாங்க" என்றாள். "அடுப்படிப் பின்கதவுக்கு. வீடு கட்டின நாள்லேர்ந்து கேக்கறேன். உள்தாழ்ப்பாள் ஒண்ணை வெச்சுக்கிட்டே காலத்தை ஓட்டறேன். ஊருக்கெல்லாம் பூட்டு விக்கறீங்க."

"அந்தப் பக்கம் ஒரு சந்து. அதுல குப்பை வண்டியே நுழையாது. பின்பக்கமா யாரு வரப்போறா?"

"யாரும் வர மாட்டாங்கன்னா சரி" என்று சொல்லிவிட்டுத் துணிகளை எடுத்து வைக்கப் போனாள்.

காலையில் முன்கதவுக்கு மூன்று பூட்டுகள் போட்டேன். மூன்றும் என் கடையிலேயே உயர்ந்த ரகம். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். அவளிடமிருந்த சாவிக் கொத்தையும், "வழியில தொலைச்சிடுவே" என்று வாங்கி என் உள்பையில் போட்டுக்கொண்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். எங்கள் வீட்டில் முன்கதவு என் இலாகா, அடுப்படி அவள் இலாகா. அங்கே நான் காலெடுத்து வைப்பதில்லை. அதனால் வாசலில் நின்றபடியே, "பின்கதவு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாத்துக்கிட்டேன்" என்றாள்.

பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் வழி முழுவதும் தன் மருமகனின் மேன்மைகளைப் பற்றி ஊருக்கே கேட்கும்படி போனில் பேசிக்கொண்டு வந்தார். அதை அந்த மருமகனே கேட்டிருந்தால்கூட நம்பியிருக்க மாட்டார். ஒருவழியாகக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். கோட்டை நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்க்க வந்தவர்கள்தான் சகிக்கவில்லை. நானூறு வருஷத்துக் கல்லில் ஒருத்தன் ஆணியால் தன் காதலைச் செதுக்கிக்கொண்டிருந்தான். ஒரு குடும்பம் மொத்தமும் பீரங்கிமேல் குதிரை ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டது. அந்த வீட்டுத் தலைவர் பீரங்கி வாய்க்குள் தலையை நுழைத்துப் பார்த்தார். உள்ளே குண்டு இல்லையே என்று நான் வருத்தப்பட்டேன்.

கோட்டைக்கு அப்பால் ஒரு மேட்டில், போர்க்காலத்தில் கட்டிய பீரங்கித் தளம் இருந்தது. எங்களோடு ஒரு வழிகாட்டி வந்தார். வெயிலுக்குக் குடை பிடித்திருந்தார். எதைக் காட்ட வேண்டுமானாலும் குடையை மடக்கிக் காட்டிவிட்டு மறுபடி விரித்துக்கொள்வார். வேலையில் பாதி குடைக்கே போய்விட்டது.

"ஆறு பீரங்கி" என்றார், குடையை மடக்கி. "ஒவ்வொண்ணையும் இழுத்துட்டு வர ஒரு பட்டாளமே வேணும். எந்தக் கப்பல் வந்தாலும் தூள் தூள். எல்லாமே கடலைப் பாத்து வெச்சது."

"எத்தனை கப்பலைச் சுட்டாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் இல்லைம்மா. எதிரி கடல் வழியா வரவே இல்லை. பின்னாடி சதுப்பு நிலம் இருக்கு பாருங்க, அது வழியா வந்துட்டான். முழங்கால் சேத்துல நடந்து வந்தான். இங்கே எல்லாரும் தேநீர் குடிச்சிட்டு இருந்திருக்காங்க. பீரங்கியைப் பின்பக்கம் திருப்ப முடியாது, சிமெண்டு போட்டு இறுக்கிட்டாங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இவ்வளவு செலவு செய்து இவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்தவர்களைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"கோட்டை கட்டியே கோட்டை விட்டிருக்கான்" என்றேன். "முன்னாடி ஆறு பீரங்கி. பின்னாடி ஒரு வேலிகூட இல்லை. இவனையெல்லாம் யாரு தளபதியாக்கினது?"

"அவர் ஏங்க பின்னாடி ஒண்ணுமே வைக்கலை?" என்று அவள் வழிகாட்டியைக் கேட்டாள்.

"அந்தப் பக்கமா யாரும் வர முடியாதுன்னு நினைச்சிட்டாரும்மா."

"அவருக்குக் கல்யாணம் ஆயிருந்துதா?"

"அது தெரியலைம்மா."

"ஆகியிருந்தா அந்த அம்மா சொல்லியிருப்பாங்க. பின்பக்கம் கொஞ்சம் பாருங்கன்னு."

"சொல்லியிருந்தா அவனும் பிழைச்சிருப்பானே" என்றேன் நான்.

"எங்கே. கேட்டிருக்க மாட்டாரு" என்றாள்.

அதற்குள் அவள் போன் அடித்தது. பின்பக்கத்துச் சுவரோரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். கண்ணில் ஒரு தெளிவு.

"யாரு?"

"பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. தோட்டத்துப் பக்கம் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லியிருந்தேன். எல்லாத்தையும் உள்ள எடுத்து வெச்சுட்டாங்களாம்."

செடித்தொட்டிகளைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தையல்காரம்மாவுக்கு ஊர்க் காரியம் பார்ப்பதுதான் தொழில், தையல் பொழுதுபோக்கு.

சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்தபோது எனக்கே என்மேல் பெருமிதம் தாங்கவில்லை. வெற்றி பெற்றவன் தோற்றவனிடம் கொஞ்சம் கனிவு காட்ட வேண்டும் என்று தோன்றியது.

"பாவம், உன் தம்பி. வந்து ஏமாந்திருப்பானே."

"இல்லைங்க. அவனுக்கு இடம் கிடைச்சிருச்சாம்."

"அதுக்குள்ளயா? எப்படி இடம்?"

"மாடியில தனி அறை. நல்ல காத்து வருதாம். என்ன, ஒரே எண்ணெய் வாசனையாம்."

"ஹோட்டல்னா அப்படித்தான். சமையல்கட்டு மேல குடுத்திருப்பான்."

"இருக்கும்" என்று அவள் தேநீரைக் குடித்தாள்.

"நிம்மதியா இருக்கட்டும். எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும்" என்றேன்.

"நீங்க சொன்னதா அவன்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

மாலையில் போர் நினைவிடத்துக்குப் போனோம். கடலைப் பார்த்து ஒரு நீளமான கறுப்புச் சுவர், சுவர் நிறையப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயது. பத்தொன்பது, இருபது, மறுபடியும் பத்தொன்பது. வழிகாட்டி சொன்ன அந்தத் தளபதியின் பெயரைத் தேடினேன். அது அங்கே இல்லை. அவர் ரொம்ப நாள் வாழ்ந்து, படுக்கையில் செத்தார் என்று அங்கிருந்த காவலர் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஒருத்தன் பின்னால் திரும்பிப் பார்க்காததற்கு இத்தனை பேர் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டியிருந்திருக்கிறது.

மனைவி ஒரு பெயரின்மேல் விரலை வைத்தபடி நின்றாள். "இவனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பா" என்றாள். மச்சினனை நினைத்துச் சற்று இளகிவிட்டேன். நல்லவேளை, மாடி அறையை நினைத்ததும் சரியாகிவிட்டது.

சூரியன் இறங்கும் நேரத்தில் காவலர் வந்தார். "இப்ப ஊதுவாங்க. முடியற வரைக்கும் யாரும் நகரக் கூடாது, தலையைக் குனிஞ்சு நிக்கணும்" என்றார். சீருடை போட்ட ஒருவர் டிரம்பெட்டை எடுத்து ஊதினார். மெதுவாக ஏறி, மேலே தயங்கி நின்று, மெல்ல இறங்குகிற மெட்டு. கூட்டம் மொத்தமும் அடங்கிவிட்டது, பீரங்கி வாய்க்குள் தலையை விட்டவர் உட்பட.

"இப்படி ஊதினா நாள் பூரா கேக்கலாம். உன் தம்பியும் ஊதறானே" என்றேன், திரும்பி நடக்கும்போது.

"இதே மெட்டைத்தாங்க அவன் தினமும் பழகுவான்."

"அது அந்த ஹோட்டல்காரன் தலையெழுத்து."

மறுநாள் கலங்கரை விளக்கத்தையும் பார்த்து முடித்து, சாயங்காலம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தோம். பையைக் கீழே வைத்துவிட்டு முதல் காரியமாகப் பூட்டுகளைப் பார்த்தேன். மூன்றும் போட்டது போட்டபடி தொங்கின. ஒவ்வொன்றாக இழுத்தேன். இம்மிகூட அசையவில்லை.

"பாத்தியா?" என்றேன். "பூட்டுன்னா இது பூட்டு. அந்தத் தளபதி மட்டும் என்கிட்ட வந்திருந்தா..."

தலைக்கு மேலிருந்து அந்த மெட்டு கேட்டது. மெதுவாக ஏறியது. மேலே தயங்கி நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். என் அறையின் ஜன்னலில் என் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் டிரம்பெட்டின் வாய் தெரிந்தது. எல்லாத்தையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள் என்றாளே, எந்த உள்ளே, எந்தக் கதவு வழியாக என்று ஒரு பூட்டு வியாபாரி கேட்டிருக்க வேண்டாமா? எண்ணெய் வாசனை என்றபோதாவது? பக்கத்து வீட்டு ஜன்னலில் தையல்காரம்மா வாயில் நூலோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊதுவது நின்றது. மச்சினன் எட்டிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க அத்தான். எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கச் சொன்னீங்களாம், அக்கா சொன்னா. முன்பக்கம் பூட்டியிருக்கு அத்தான். பின்பக்கமா வாங்க, திறந்துதான் இருக்கு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சந்துப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"தாழ்ப்பாள் போட்டேன்னு சொன்னியே."

"பாத்துக்கிட்டேன்னுதான் சொன்னேன்."

என் உள்பையில் இரண்டு சாவிக் கொத்துகள் கனத்தன. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்காவது பின்கதவுக்கு ஒரு பூட்டு கொண்டு வாங்க. ரெண்டு சாவியோட. தம்பி வேலைக்குப் போய் வரணும்ல?" பிறகு மேலே பார்த்து, "நீ ஏன்டா நிறுத்திட்டே? அதை நடுவுல நிறுத்தக் கூடாது. அத்தானுக்கு அது ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.

மெட்டு விட்ட இடத்திலிருந்து மெல்ல இறங்கியது. அவள் சந்துக்குள் போய்விட்டாள். மூன்று பூட்டுகளுக்கும் முன்னால், காவலர் சொல்லிக் கொடுத்தபடி, முடிகிற வரைக்கும் நகராமல் தலையைக் குனிந்து நின்றேன்.