ஜிகினா நைனாவின் வெள்ளித்தாள்

சிகரெட்டையே தொடாமல் உலகத்தில் அதிக சிகரெட் பெட்டிகளை உரித்த மனிதர் ஜிகினா நைனாதான். ராயபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். நானும் அவரும் ஒரு கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர்கள். புரொபசரிடம் ஒரு லேசர் இருந்தது. அதன் சிவப்பு ஒளி கண நேரம் மெல்லிய தகட்டில் பாயும். 'டப்' என்று சத்தம். பட்ட இடத்தில் உலோகம் உருகி, ஆவியாகி, அதையும் தாண்டி பிளாஸ்மா என்கிற வெள்ளைப் பொறியாகிவிடும். தகடு மெல்லிசாக இருக்க வேண்டும் என்பார் புரொபசர். நைனாவுக்கு அது வேதவாக்கு.

துறைமுக வாசலில் கப்பல்காரர்கள் வீசிய சிகரெட் பெட்டிகளைப் பொறுக்குவார். உள்ளேயிருக்கும் வெள்ளித்தாளை ஊறவைத்து, காகிதத்தை உரித்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பார். கல்யாண வீட்டில் பீடா கொடுத்தால், மேலே ஒட்டிய மெல்லிய வெள்ளி ரேக்கை ஊதிப் பிரித்து டைரிக்குள் வைத்துக்கொண்டு, பீடாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"இன்னா மெல்லிசு பாரு மாமு. மூச்சு வுட்டா பறந்துடும்."

மூன்று வருஷம் தகடு மாட்டியும் அந்தப் பொறியை அவர் பார்த்ததில்லை. அந்த ஒளியிலிருந்து கண்ணைக் காக்கும் பச்சைக் கண்ணாடி இரண்டே ஜோடி. அவை புரொபசருக்கும் அவருடைய மாணவருக்கும். "ரெடி" என்றதும் நாங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

"எப்டி சார் இருந்திச்சி?" என்பார் நைனா.

"பிரமாதம்" என்பார் புரொபசர். அந்த ஒரு வார்த்தையோடு நைனா வீட்டுக்குப் போவார்.

லேசரை வேறு ஊருக்கு அனுப்ப உத்தரவு வந்தது. நைனாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"ஒரே ஒரு தபா பாத்துக்கிறேன் சார்."

புரொபசர் இளகிவிட்டார். கண்ணாடிகளை எங்களிடம் கொடுத்துவிட்டு, மாணவரோடு தானும் சுவரைப் பார்த்து நின்றார். நைனா தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். டைரியிலிருந்த பீடா ரேக்கை மாட்டினார்.

"ரெடி."

'டப்.'

மூன்று வருஷப் பழக்கம். 'ரெடி' என்ற சொல்லைக் கேட்டதும் நைனாவின் கண்கள் தாமாக இறுக மூடிக்கொண்டன. திறந்தபோது ரேக்கில் ஓட்டைதான் மிச்சம். இன்னொரு முறை என்று புரொபசர் பொத்தானை அழுத்தினார். லேசருக்குள் அதற்கு ஒளியூட்டும் விளக்கு உயிரை விட்டிருந்தது.

திரும்பும் வழியில் காசிமேடு வந்ததும் நைனா மெதுவாகக் கேட்டார்.

"நீ பாத்தியே மாமு, எப்டி இருந்திச்சி?"

"பிரமாதம் நைனா" என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

நானும் பார்க்கவில்லை. பொறி பறக்கும்போது நைனாவின் முகம் எப்படி மலரும் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போய்ப் பல வருஷமாகிறது. பீடாவில் வெள்ளி ரேக்கைக் கண்டால், கண்ணை இறுக மூடிய அந்த முகத்தை இன்னொரு தபா பார்க்க மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.