நக்கோ சார் பாறை பார்க்க வருகிறார்

ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஊரே நிலம் விற்றது. ஆனால் நிலத்தை விற்றுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகும் அதை விடாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டு நக்கோ சார்.

செகந்திராபாத் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர். அப்பா காலத்திலிருந்தே அந்த ஊர் என்பதால் 'வேண்டாம்' என்ற சொல்லே அவர் நாக்கில் கிடையாது. எல்லாவற்றுக்கும் நக்கோதான். அபூர்வமாக 'ஆமாம்' சொல்ல நேர்ந்தால் அது 'ஹவ்'. காய்கறிக்காரரிடமும் நக்கோ, காரில் வந்து இறங்கும் பில்டரிடமும் நக்கோ.

கம்ப்யூட்டர் வேலைக்காக மதுரையிலிருந்து வந்த நானும் என் மனைவி ஜெயந்தியும் குகட்பள்ளிக்கு அப்பால் வாடகைக்குப் பிடித்த வீட்டின் கொல்லையில் ஒரு பாறை இருந்தது. கீழே லாரி அளவுக்கு ஒரு தட்டைப் பாறை. அதன் ஓரத்தில், இதோ விழப்போகிறேன் என்று மிரட்டிக்கொண்டு இன்னொரு பாறை. "வடாம் காயப்போட எவ்வளவு தோதா இருக்கு!" என்றாள் ஜெயந்தி. உடனே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

நாங்கள் குடிவந்த பிறகு வந்த முதல் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் குடையுமாக நக்கோ சார் வாசலில் நின்றார்.

"பாறை பார்க்க வந்திருக்கேன்மா. முந்தாநாளே சொல்லி அனுப்பினேனே."

"எதுக்கு சார்?" என்றாள் ஜெயந்தி.

"இந்த இடம் என்னோடதா இருந்தது. பொண்ணு கல்யாணத்துக்குப் பாதியை உங்க ஓனருக்கு வித்தேன். பத்திரத்துலயே கண்டிஷன் இருக்கு. யாரு வாங்கினாலும் சரி, பாறையை உடைக்க நக்கோ, மூட நக்கோ, ஓட்டை போட நக்கோ. பக்கத்து நிலம் யாரு கையில இருக்கோ அவங்க வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகலாம். ஓனர் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு."

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரே தோற்றுப்போவார். பாறையைச் சுற்றி வந்தார். குடை நுனியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். இடுக்கில் இருந்த ஓணானைப் பார்த்து, வருகைப் பதிவு எடுப்பது போலத் தலையாட்டினார்.

"இது என்னம்மா?"

"வடாம் சார்."

"வடாம் ஹவ். காய்ஞ்சதும் போயிடும், பரவாயில்லை. இது?"

"கொடி கட்ட ஒரு ஆணி அடிச்சேன்..."

"ஆணி நக்கோ!" என்று வீட்டுக்குப் போய்க் குறடு கொண்டுவந்து, தானே பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறு வருஷம் சோப்புத் தண்ணீர் பாறைப் பக்கம் ஓடுவதைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷம், ஜெயந்தி பெயின்ட்டில் போட்டிருந்த தாமரைக் கோலத்தைத் தேங்காய் நாரால் ஒரு பகல் முழுக்கத் தேய்த்தார். ஒவ்வொரு முறையும் ஜெயந்தி ஓனருக்குப் போன் போட்டுக் கத்துவாள். "பாறை உங்களோடதா, அவரோடதா சார்?"

எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஒரு கல்லுக்காக ஒரு மனிதர் எதற்கு இந்தப் பாடுபடுகிறார்? ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"நான் இந்த இடத்தை வாங்கினப்போ சுத்துமுத்தும் பாறைதான் தம்பி. அத்தனையும் ஜல்லியாகி, நீங்க வேலை பார்க்கிற மாதிரி பில்டிங்குக்குள்ள போயிடுச்சு. எதுக்கு எல்லாத்தையும் உடைக்கணும்? ஒண்ணாவது நிக்கட்டுமே" என்றார். நான் திரும்பிப் பாறையைப் பார்த்தேன்.

நிலத்தின் விலை ஏறியது. ஓனருக்கு அபார்ட்மென்ட் ஆசை வந்தது. ஒரு காலையில் பாறையில் துளை போடும் இயந்திரத்தோடு ஆட்கள் வந்தார்கள். நக்கோ சார் பாறைமேல் ஏறிக் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய வக்கீல் கோர்ட்டில் தடை வாங்கின செய்தி வரும்வரை இறங்கவில்லை. பிறகு வழக்கு நடந்தது. அவர் தோற்றால் பாறை ஒரே காலையில் தூளாகிவிடும்.

ஓனரின் வக்கீல் இரண்டு வாதங்கள் வைத்திருந்தார். ஒன்று, பெரியவர் அந்த நிபந்தனையை எப்போதோ கைகழுவிவிட்டார், அது செத்துப்போன நிபந்தனை. இரண்டு, பெரியவர் ஓயாத தொல்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. தொல்லைக்குச் சாட்சியாக ஜெயந்தியைக் கூப்பிட்டார். அவளும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் ஹிந்தியையும் கலந்து கொட்டித் தீர்த்தாள். ஆணி, சோப்புத் தண்ணீர், தாமரைக் கோலம், ஒன்றையும் விடவில்லை.

நீதிபதி நிமிர்ந்தார். "வருஷா வருஷம் வந்தாரா அம்மா?"

"ஒரு வருஷம்கூட விட்டதில்லை சார்! எனக்குக் காய்ச்சல் அடிச்ச வருஷம்கூட வந்தாரு!"

வக்கீல் கைக்குட்டையை எடுத்தார். பின்வரிசையிலிருந்து மெல்லிய குரலில் "ஹவ்" என்று கேட்டது. இவ்வளவு விடாமல் பார்த்து வந்தவர் கைவிட்டார் என்று எப்படிச் சொல்வது என்று நீதிபதி தீர்ப்பில் கேட்டார். பாறை தப்பித்தது. ஓனர் அபார்ட்மென்ட்டை மறந்து எங்கள் வாடகையை ஏற்றினார்.

"நானா அவரை ஜெயிக்க வச்சேன்?" என்று ஜெயந்தி புலம்பிக்கொண்டிருந்தபோது, நக்கோ சார் ஒரு கிண்ணம் குபானி என்ற ஆப்ரிகாட் பழ இனிப்போடு வந்தார்.

"உங்களுக்கு எதிராத்தான் சார் சொன்னேன்!"

"ஹவ்மா. உண்மையைச் சொன்னீங்க. போதும்."

அந்தக் குளிர்காலத்தில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. வாசலுக்குக்கூட வருவதில்லை என்று அவர் மகள் போனில் எங்களிடம் அழுதாள்.

மே மாதம் வந்தது. பாறை பார்க்கும் ஞாயிறும் வந்தது. அவர் வரவில்லை. "அப்பாடா, நிம்மதி" என்ற ஜெயந்தி, கேட்டுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் ஸ்டூலை இழுத்துப்போட்டு மதில் மேல் எட்டிக் கத்தினாள்.

"சார்! பாறையில ஆணி அடிக்கப் போறேன்!"

அந்த வீட்டுக்குள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது.

"நக்கோ! அம்மா, நக்கோ! இதோ வந்துட்டேன்!"

சிமென்ட் தரையில் குடையை ஊன்றி ஊன்றி வரும் சத்தம் கேட்டது. ஜெயந்தியின் கையில் ஆணியும் இல்லை, சுத்தியலும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்கி, அவருக்குக் காபி போட உள்ளே போனாள்.